ஏழாவது எபிசோடில் அவள் என்ன சொன்னாள்?

1

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. திரையில் ஜெயாவின் பெயர். ஜெயா என் தம்பி செல்வராஜின் மனைவி. மாதத்துக்கு ஒருமுறை பேசுவாள். ஆனால் எடுத்தால் குரல் அவளுடையது இல்லை.

"பெரியப்பா, நான் மாரி பேசுதேன்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மாரி என் தம்பி மகள். பதினான்கு வயது. மூன்று வருஷமாக அவள் என்னோடு பேசியதில்லை. ஜெயா வற்புறுத்திப் போனைக் கொடுத்தால் "நல்லாருக்கேன்" என்ற ஒரே சொல்லோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"என்ன தாயி? அம்மா எங்க?"

"அம்மா நாகலாபுரம் போயிருக்காவ. ஆச்சி வீட்டுக் காட்டுல உளுந்து எடுக்காவ. போன இங்க வச்சிட்டுப் போயிட்டாவ. பெரியப்பா, உங்களுக்கு ஜப்பான் பாஷை நல்லாத் தெரியுமா?"

"பதினாறு வருஷமா அதுலதான் திட்டு வாங்குதேன்."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு அனிமே பாக்குதேன். தமிழ்லயே பேசுது. காலத்துல பின்னாடி போற கதை. அதுல ஏழாவது எபிசோடு, பதினெட்டாவது நிமிஷம். அந்தப் பிள்ள அவிய அப்பாகிட்ட என்னமோ சொல்லுதா. தமிழ்ல 'பை ப்பா'ன்னு வருது. ஆனா வாய் ரொம்ப நேரம் அசையுது. பைன்னு சொல்ல அம்புட்டு நேரமா ஆகும்? நெசமா என்ன சொல்லுதான்னு பாத்துச் சொல்லுதீங்களா?"

படத்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். நான் ஒரு ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

2

அவள் ஏன் என்னோடு பேசாமல் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது ஹமமட்சு என்ற ஊரில். கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலை. செல்வராஜ் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தான். தினமும் கோவில்பட்டியிலிருந்து காலை வண்டியைப் பிடித்து மணியாச்சிக்குப் போவான். மூன்று வருஷத்துக்கு முன், இதே தை மாதத்தில், மணியாச்சியில் இறங்கி நாலு எட்டு நடந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். என் பாஸ்போர்ட் கையில் இல்லை, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். ஒரு வருஷம் முன்பே கொடுத்திருக்கலாம். தள்ளிப்போட்டவன் நான்தான். தூதரக அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் அன்பாகத்தான் பேசினாள். அவசரம் என்றால் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பியுங்கள் என்றாள். எரித்த பிறகுதானே அம்மா அந்தச் சான்றிதழ் வரும், எரிப்பதற்கு முன்னால் நான் போக வேண்டுமே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "சரி" என்று வைத்துவிட்டேன்.

கம்பெனியில் துக்க விடுப்புக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். இறந்தவர் உறவுமுறை என்று ஒரு கட்டம். ஜப்பானிலும் நம்மைப் போலத்தான், அண்ணனுக்கு ஓர் எழுத்து, தம்பிக்கு ஓர் எழுத்து. நான் அண்ணனுடைய எழுத்தைப் போட்டுவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் குனிந்து பார்த்து, "மன்னியுங்கள், நீங்கள்தானே மூத்தவர் என்று சொன்னீர்கள்?" என்றாள். திருத்தி எழுதச் சொன்னாள். தம்பி என்ற எழுத்தை அதுவரை நான் எழுதியதே இல்லை. அவளே ஒரு தாளில் பென்சிலால் எழுதிக் காட்டினாள். பார்த்து எழுதினேன். விடுப்பு கிடைத்தது. போவதற்குத்தான் இடமில்லை.

அதனால் வீடியோவில் பார்த்தேன். கம்பெனி வண்டி நிறுத்துமிடத்தில், பானங்கள் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, செல்வராஜை வாசலில் கிடத்தியிருந்ததைப் பார்த்தேன். அங்கே போனைப் பிடித்திருந்தது மாரி. அப்போது பதினோரு வயது. பெரியவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது, இல்லையென்றால் அழுகை இருந்தது. யாரோ அவள் கையில் போனைக் கொடுத்து, "ஏட்டி, பெரியப்பாவுக்கு அப்பா முகத்தக் காட்டு, கிட்டக் கொண்டு போ" என்றார்கள். அவள் கொண்டு போனாள். படம் ஆடியது. "தெரியுதா பெரியப்பா?" என்று கேட்டாள்.

"தெரியுது தாயி" என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தப் பிள்ளை அப்படியே நின்றாள். குளிப்பாட்டும்போது நின்றாள். மாலை போடும்போது நின்றாள். நடுநடுவே "தெரியுதா?" என்று கேட்டாள். தகப்பனுக்கு அழ வேண்டிய பிள்ளை எனக்கு முகம் காட்டிக்கொண்டு நின்றது. போதும், கீழே வை, போய் அம்மா பக்கத்தில் உட்கார் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அவனைப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது என் மகள் மலருக்குப் பத்து வயது. "சித்தப்பா காணாமப் போயிட்டாரா?" என்று கேட்டாள். ஜப்பானிய மொழியில் இறந்தார் என்பதற்கும் காணாமல் போனது என்பதற்கும் ஒரே ஓசை. அதை அப்படியே தமிழாக்கிக் கேட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை.

நாலு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் மாரி பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இருந்த பத்து நாளும் அப்படித்தான்.

3

ரசீதை எடுத்துக்கொண்டு மலரிடம் போனேன். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. பள்ளியில் அவள் பெயர் மராரு. இந்த மொழியில் 'ல' கிடையாது. முதலில் எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தவள், பிறகு தானே அப்படிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். நான் தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில் பதில் வரும். நானும் என் மனைவி சாந்தியும் பேசிக்கொள்வது அவளுக்குப் பின்னணிச் சத்தம் மாதிரி.

"இந்தப் படம் தெரியுமா?"

ரசீதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா பாக்கப் போறீங்களா? இதையா?" என்றாள், ஜப்பானியத்தில்.

"மாரி அக்கா கேட்டா. ஏழாவது எபிசோடு."

"ஏழாவதை மட்டும் பாத்தா அழுகை வராது. ஒண்ணுலேர்ந்து பாக்கணும்."

அப்படித்தான் அன்று மத்தியானம் நானும் மகளும் ஒரே கம்பளிக்குள் காலை நீட்டிக்கொண்டு ஏழு எபிசோடு பார்த்தோம். அவள் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். எனக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கினாள். விளக்கத்தில் தமிழ் பாதி, ஜப்பானியம் பாதி. கடைசியாக நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

இந்த மாதிரிக் கதைகளை நான் மதித்ததில்லை. காலத்தில் பின்னால் போவதாம், ஏதோ ஒரு யந்திரமாம். இந்தப் படத்தில் யந்திரமும் இல்லை. கடற்கரையோரம் ஒரு சின்ன ஊர், ஒற்றைப் பெட்டி ரயில். அதில் பின்வாசல் வழியாக ஏறி, கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் நடந்து, முன்வாசல் வழியாக இறங்கினால் அந்தப் பெண் தான் நினைத்த நாளில் போய் நிற்பாள். அவள் அப்பா மீன்பிடிக்கப் போனவர், திரும்பவில்லை. அவரைத் தடுக்க அவள் போகிறாள். படகின் கயிற்றை அறுக்கிறாள், காய்ச்சல் என்று நடிக்கிறாள், சாவியை ஒளிக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒன்று சரியானால் வேறொன்று கெட்டுப்போகிறது. அப்பா தப்பித்தால் அண்ணன் போகிறான், அண்ணன் தப்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர். திரும்பி வந்தால் முன்பு என்ன நடந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவள் ஒருத்திக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்கும் அதுதான். பைபாஸ் ஓரத்தில் வீட்டுமனைக் கற்கள் நட்ட இடத்தைக் காட்டி, இங்கே நானும் செல்வராஜும் மழைக்குப் பிறகு சைக்கிளை உருட்ட முடியாமல் தோளில் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று யாரிடம் சொல்வது? கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மாவாக அப்பிக்கொள்ளும். அவன் குச்சியால் நோண்டுவான், நான் தூக்கிப் பிடிப்பேன். அதைப் பார்த்தவன் இன்னொருவன்தான். அவன் இல்லை.

ஏழாவது எபிசோடு வந்தது. ஆறு தடவை தோற்ற பிறகு அந்தப் பெண் இப்போது எதையும் தடுக்கப் போகவில்லை. சும்மா போகிறாள். முதல் தடவை நடந்தபோது அவள் அப்பாவோடு ஏதோ கோபத்தில் இருந்தாள். வாசலில் காலணி மாட்டிக்கொண்டே அவர் சொன்னதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலை சீவினாள். இந்தத் தடவை சீப்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புகிறாள். அவர் சொல்கிறார், இவள் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்.

பதினெட்டாவது நிமிஷம்.

அவள் சொன்ன சொல்லை நான் இந்த ஊரில் தினம் கேட்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் 'இத்தெகிமாஸ்' என்பார். வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், போயிட்டு வாரேன். போயிட்டு வாங்க.

பதினாறு வருஷமாகக் கேட்கிறேன், ஒரு தடவைகூட அதைத் தமிழில் கேட்டதில்லை.

"இதுக்கா எல்லாரும் அழுறாங்க?" என்று மலரிடம் கேட்டேன்.

"ஆமா. அது டெய்லி சொல்றது, அப்பா. யாரும் அதைக் கேக்கிறதே இல்ல. அதனாலதான்." கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள். "நானும் டெய்லி சொல்றேன். நீங்க போன் பாத்துக்கிட்டே 'ம்'னு சொல்றீங்க."

காலையில் நான் போனில் பார்ப்பது ஊர்ச் செய்தி. கோவில்பட்டியில் மழை உண்டா, எந்த ரயில் தாமதம், இப்படி. அந்த நேரத்தில் என் வீட்டு வாசலில் ஒருத்தி செருப்பு மாட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் விலகிப் போகிறாள் என்று நான் சாந்தியிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

4

மாரிக்குத் திரும்பப் போன் செய்தேன். அங்கே மத்தியானம். குக்கர் விசில் கேட்டது.

"பாத்தேன் தாயி. அவ பைன்னு சொல்லல."

"அப்ப?"

"அவிய அப்பா 'போயிட்டு வாரேன்'னு சொல்லுதாரு. அவ 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுதா. நம்ம சொல்லுதது மாதிரியேதான். அச்சு அசல்."

குக்கர் மறுபடி விசிலடித்தது. அவள் போய் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள்.

"அதாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். "பைன்னு சொல்லுததுக்கா ஒருத்தி ஏழு தடவ போவா?"

"நீ எத்தன தடவ பாத்த?"

"அந்த எபிசோடா? எண்ணல." பிறகு ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள். "அன்னைக்குக் காலைல அப்பா எங்கிட்டருந்து போனப் பிடுங்கி பீரோ மேல வச்சிட்டாவ. பரிச்சைக்குப் படிக்கலன்னு. நான் பேசல. செருப்பு மாட்டிக்கிட்டே போயிட்டு வாரேன் தாயின்னாவ. ரெண்டு தடவ சொன்னாவ. நான் சுவத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அம்மாட்டச் சொன்னியா?"

"யாருட்டயும் சொல்லல."

உன் மேல் தப்பில்லை என்று சொல்லலாம். அது சும்மா வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். எனக்கு ஒன்றுதான் சொல்லத் தெரிந்தது.

"மாரி, நான் மொதமொத ஜப்பானுக்குக் கெளம்பும்போது உங்க அப்பா ஸ்டேஷனுக்கு வரல, தெரியுமா?"

"ஏன்?"

"கோவம். ரெண்டு பேரும் சேந்து அங்கனயே கடை போடுவோம்னு பேசி வச்சிருந்தோம். நான் அவன்கிட்டச் சொல்லாமலே இந்த வேலைக்கு எழுதிப் போட்டுட்டேன். கெளம்புத அன்னைக்கு அவன் மாடிக்குப் போயிட்டான். நான் கீழருந்து, ஏலே செல்வம், போயிட்டு வாரேம்லேன்னு கத்துனேன். பதிலே இல்ல."

"அப்புறம்?"

"ரயில் ஏறும்போது எனக்கும் கோவந்தான். சாத்தூர் தாண்டுததுக்குள்ள போயிருச்சு. போறவன் அத மனசுல வச்சிருக்க மாட்டான் தாயி. ஜன்னல் பக்கம் எடம் கெடச்சதும், வீட்டுல இப்ப என்ன செய்வாங்கன்னுதான் நெனப்பு ஓடும். உங்க அப்பாவும் கடம்பூர் வர்றதுக்குள்ள மறந்திருப்பான். சாயங்காலம் வந்து பீரோ மேலருந்து எடுத்துக் குடுத்திருவோம்னுதான் நெனச்சிருப்பான். எனக்கு அவனத் தெரியும். இத நான் ஆறுதலுக்குச் சொல்லல. போனவன் நான், அதனால சொல்லுதேன்."

அவள் அழுகிற சத்தம் கேட்டது. சத்தமாக, சின்னப் பிள்ளை அழுவது மாதிரி. மூன்று வருஷத்துக்கு முன் அழுதிருக்க வேண்டியது. நான் வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஓய்ந்ததும் நானே சொன்னேன்.

"அன்னைக்கு நீ போனப் பிடிச்சுக்கிட்டே நின்னியே. கீழ வைன்னு நான் சொல்லிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன் தாயி. அதுக்குத்தான் எம்மேல கோவம்னு..."

"கை வலிச்சுது" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நான் வச்சிட்டா, உங்களுக்கு அப்பாவத் தெரியாதுல்லா?"

"உங்களப் பாத்தாத்தான் எனக்கு அழுகையா வரும் பெரியப்பா. அதான் பின்னாடி போயிருவேன். அப்பா மொகச்சாடை உங்களுக்கு" என்று அவளே சொல்லிவிட்டு, சோறு குழைந்துவிடும் என்று வைத்துவிட்டாள்.

5

அதற்கப்புறம் மாரியும் மலரும் பிடித்துக்கொண்டார்கள். எட்டாவது எபிசோடிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து பார்க்கிறார்கள். அவள் அங்கே தமிழில், இவள் இங்கே ஜப்பானியத்தில். ஒரே நொடியில் இருவரும் ஓட்ட வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, போடு!" என்று கத்துவார்கள். தமிழ்க் குரல்கள் சென்னைப் பேச்சு பேசுகின்றன என்று மாரிக்குக் குறை. அவளே சில வசனங்களைக் கோவில்பட்டிப் பேச்சில் மாற்றிச் சொல்வாள். மலர் விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு எழுதி வைத்துக்கொள்வாள்.

நானும் சாந்தியும் வருஷக்கணக்கில் அரிச்சுவடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்ய முடியாததை அந்தப் பிள்ளை இரண்டு மாதத்தில் செய்துவிட்டாள். ஒரே சிக்கல், எந்தச் சொல்லை யாரிடம் சொல்வது என்பது மலருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "ஏலே அப்பா, உப்ப எடு" என்றாள். சாந்திக்குப் புரையேறிவிட்டது.

படம் முடிந்துவிட்டது. இருபத்துநாலு எபிசோடு. கடைசியில் அந்தப் பெண் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து போய்விடுகிறாள். அப்பா திரும்பவில்லை. இதற்கா இத்தனை நாள் பார்த்தோம் என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மாரிக்கும் மலருக்கும் இல்லை. "அவரு திரும்பி வந்திருந்தா நாங்க நம்பிருக்க மாட்டோம்" என்றாள் மாரி. இருவரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

6

போன ஞாயிறு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மலர் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். திரையில் மாரி.

"அப்பா, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு?"

மலர் திரையைப் பார்த்தாள். மாரி தலையைக் குனிந்துகொண்டாள். மலர்தான் சொன்னாள். அவளுடைய புதுத் தமிழில், தேடித் தேடி.

"அக்காவுக்குச் சித்தப்பா சிரிப்பு மறந்துபோச்சு. மொகம் இருக்கு, போட்டோல. பேசுதது இருக்கு, போன்ல. சிரிக்கது எதுலயும் இல்ல. உங்களுக்குச் சித்தப்பா மொகம் இருக்குல்லா. சிரிப்பும் அப்படி இருக்குமான்னு கேக்குதா."

செல்வராஜ் சிரிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் சத்தம் வரும், கிணற்றுக் கப்பி சுற்றுவது மாதிரி. எங்கள் அப்பாவும் அப்படித்தான் சிரிப்பார். ஆனால் நான் எப்படிச் சிரிப்பேன் என்று எனக்குத் தெரியாது. யாருக்குத் தன் சிரிப்பு தெரியும்?

"சும்மா எப்படிச் சிரிக்க?" என்றேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, போடு!" என்றாள் மலர்.

வாயைத் திறந்தேன். இருமல் மாதிரி ஏதோ வந்தது. மறுபடி முயன்றேன், அது இன்னும் மோசம். மாரி வாயைப் பொத்திக்கொண்டாள். மலர் முறைத்தாள். "ஏலே அப்பா, ஒழுங்காச் சிரில!" என்று அதட்டினாள்.

அவ்வளவுதான். என்னை அறியாமல் வந்துவிட்டது. தோள் குலுங்கி, மடித்த துணியெல்லாம் மடியிலிருந்து சரிந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. அடுப்படியிலிருந்து சாந்தி கரண்டியோடு வந்தவள் கதவிலேயே நின்றுவிட்டாள். அவள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் மாரி அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை, அவளுக்குப் பின்னால் சுவரில் காலண்டர் தாள் காற்றில் தூக்கித் தூக்கி விழுந்துகொண்டிருந்தது.

"தெரியுதா தாயி?" என்றேன்.

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"இன்னொருக்கச் சிரிங்க பெரியப்பா."